மாலு வீட்டுக்கு வந்தபோது

1979ஆம் ஆண்டு பிரேசிலின் குளோபோ தொலைக்காட்சியில் 'மாலு முல்யேர்' என்றொரு தொடர் தொடங்கியது. நாயகி மாலு, கணவனைப் பிரிந்து மகளோடு தனியாக வாழ்பவள். அந்த வேடத்தில் நடித்த ரெஜினா டுவார்ட்டேவை அதுவரை நாடே செல்லக் காதலி என்று கொண்டாடியிருந்தது. வீட்டுக்கு வீடு பிடித்துப்போன அந்த முகம்தான் இப்போது தாலி கட்டாத தேசத்தின் 'வாழாவெட்டி'யாக வந்து நின்றது.

அந்த நாட்டில் மணவிலக்குச் சட்டமே 1977 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் தம்பதி பிரியலாம், மறுமணம் கிடையாது. அப்படிப் பிரிந்தவளை 'டெஸ்கிடாடா' என்பார்கள். நம் ஊர் வாழாவெட்டியைப் போலவே சுடுகிற சொல் அது. சட்டம் கதவைத் திறந்தாலும், அந்தச் சொல் வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

தொடர்களால் உண்மையிலேயே ஏதாவது மாறியதா? பொருளாதார அறிஞர்கள் ஆல்பர்ட்டோ சோங்கும் எலியானா லா ஃபெர்ராராவும் இதை ஆராய்ந்தார்கள். 1965இல் தொடங்கிய குளோபோவின் ஒளிபரப்பு எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்விடவில்லை. ஊருக்கு ஊர் வெவ்வேறு ஆண்டில் எட்டியது. அந்த ஆண்டுகளை 1970, 1980, 1991 மக்கள்தொகைக் கணக்குகளோடு ஒப்பிட்டார்கள். ஒளிபரப்பு எட்டிய ஊர்களில், பிரிந்தோ மணவிலக்குப் பெற்றோ வாழும் பெண்களின் விகிதம் கூடியிருந்தது. உயர்வு சிறியதுதான். ஆனால் சின்ன ஊர்களில் அது கூடுதலாகத் தெரிந்தது.

சின்ன ஊரில் ஏன்? பெருநகரத்தில் கணவனை விட்டு வந்து, வேலைக்குப் போய், பிள்ளையை வளர்க்கும் ஒருத்தியை எங்காவது பார்த்துவிடலாம். கிராமத்தில் அப்படி ஒருத்தி கண்ணில் படுவது அரிது. அடி வாங்குகிறவளுக்கு அடியை விடப் பெரிய பயம், 'விட்டுவிட்டு எங்கே போவது, எப்படிப் பிழைப்பது' என்பதுதான். பிரிந்த பிறகும் ஒரு பெண்ணுக்குச் சமையல், சம்பளம், சிரிப்பு எல்லாம் உண்டு என்று இரவுதோறும் பார்ப்பது, எந்த மேடைப் பேச்சாலும் தர முடியாத தைரியம்.

தமிழ்நாடு உட்பட இந்தியாவின் ஐந்து பகுதிகளில் 2001 முதல் 2003 வரை ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் நடத்திய ஆய்வும் இதையொட்டியதே. சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லாவிட்டால், சீதனம் குறைந்தால் கணவன் அடிக்கலாமா என்று கிராமத்துப் பெண்களிடம் கேட்டார்கள். ஏதாவது ஒரு காரணத்துக்கு அடிக்கலாம் என்றவர்கள் பாதிக்கும் மேல். புதிதாகக் கேபிள் டிவி வந்த ஊர்களில் அந்த ஒப்புதல் குறைந்தது. அன்றைய தொடர்களில் மாமியார் மருமகள் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அவற்றில் வந்த பெண்கள் வெளியே போனார்கள், பணம் கையாண்டார்கள், எதிர்த்துப் பேசினார்கள்.

படியிறங்கி வருகிறவளுக்குப் போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். பிரேசிலின் முதல் மகளிர் காவல் நிலையம் 1985இல் சாவோ பாவுலோவில் திறக்கப்பட்டது. 2003இல் குளோபோ ஒளிபரப்பிய ஒரு தொடரில் ராக்கெல் என்ற ஆசிரியையைக் கணவன் டென்னிஸ் மட்டையால் அடிப்பான். நெடுநாள் வெளியே சொல்லாமல் மறைத்த அவள், கடைசியில் போலீசில் புகார் கொடுத்தாள். குடும்ப வன்முறைக்கு எதிரான 'மரியா ட பென்யா' சட்டம் 2006இல் அந்த நாட்டில் நிறைவேறியது.