குளிர்நீரின் முதல் நிமிடம்

வேட்டைக்குச் செல்பவன் எதற்கு அஞ்சுவான்? யானைக்கு அஞ்சுவான், கரடிக்கு அஞ்சுவான், காலடியிற் கிடக்கும் பாம்புக்கு அஞ்சுவான். ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வாத்து வேட்டைக்குச் செல்வோர் அஞ்சவேண்டியது இவற்றுக்கு அன்று. தம்மைச் சுமந்து நிற்கும் நீருக்கேயாம்.

அந்நாடுகளில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே காட்டு வாத்துக்கள் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் கூட்டங் கூட்டமாகப் பறந்து செல்லும். அவற்றை எதிர்பார்த்து, விடியற்கு முன்பே வேட்டைக்காரர் சிறு தட்டைப் படகுகளில் ஏறிச் சதுப்பு நிலங்களுக்குச் செல்வர். படகிலே துவக்குகள், தோட்டாக்கள், வேட்டை நாய், நீரில் மிதக்கவிடும் போலி வாத்துக்கள் ஆகிய யாவும் இருக்கும். நாணற் புதர்களிடையே படகை மறைத்துக்கொண்டு பறவைகளின் வரவுக்காகக் காத்திருப்பர். வானம் மூடிக் காற்று வீசும் நாளிலேதான் வாத்துக்கள் தாழப் பறந்து வரும். எனவே வேட்டைக்கு உகந்த நாள் எதுவோ, அதுவே படகுக்கு உகவாத நாளாகவும் அமைந்துவிடுகின்றது. அபாயத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

வட நாடுகளிலிருந்து காட்டுத்தாராக்கள் மாரியில் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக் கடனீரேரிகளுக்கும் வருவதை நம் வாசகர்கள் அறிவர். நம்முடைய நீர்நிலைகளோ ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானவை. அவற்றில் விழுந்தவன் நீந்தத் தெரிந்தவனாயின் பெரும்பாலும் கரை சேருவான். வட நாட்டு நீர் அத்தகையதன்று. அங்கே நீந்தத் தெரிந்தவனும் மூழ்குகின்றான். அது எவ்வாறு என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

1940ஆம் ஆண்டுப் புயல்

1940ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி, முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளின் நினைவாக அமெரிக்காவில் விடுமுறை. மினசோட்டா, விஸ்கொன்சின் ஆகிய மாநிலங்களிடையே பாயும் மிசிசிப்பி நதி பல கிளைகளாகவும் சிறு தீவுகளாகவும் பிரிந்து கிடக்கின்றது. அன்று காலை அங்கே இளவேனிலை ஒத்த இதமான வெப்பம் நிலவியது. வேட்டைக்காரர் பலர் மெல்லிய மேற்சட்டையுடனேயே படகேறித் தீவுகளுக்குச் சென்றனர்.

சிறிது நேரத்தில் வாத்துக்கள் ஆயிரக்கணக்கிற் பறந்து வந்தன. இத்தகைய வேட்டை முன்பு கிடைத்ததில்லை என மகிழ்ந்து வேட்டைக்காரர் தங்கிவிட்டனர். அப்பறவைகள் தமக்குப் பின்னே வந்த புயலுக்கு அஞ்சி ஓடி வந்தன என்பதை உணர்ந்தோர் சிலரே. காற்றுத் திசை மாறிற்று, மழை பெய்தது, மழை பனியாயிற்று. சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே சென்றது. நதியில் எழுந்த அலைகளைச் சிறு படகுகளால் எதிர்க்க முடியவில்லை. திரும்ப முயன்றோரின் படகுகள் கவிழ்ந்தன. தீவுகளில் தங்கியோர் நனைந்த உடையுடன் இரவு முழுவதையும் கழிக்க நேர்ந்தது. சிலர் படகைக் கவிழ்த்து அதன் மறைவில் ஒதுங்கினர். சிலர் விடியுமட்டும் நடந்தும் குதித்தும் உடலின் சூட்டைக் காத்தனர். அசையாது அமர்ந்தோரிற் பலர் எழுந்தாரில்லை.

மறுநாள், வைனோனா நகரைச் சேர்ந்த மக்ஸ் கொன்றட் என்னும் விமானி, கடுங்காற்றையும் பொருட்படுத்தாது தமது சிறிய விமானத்தில் நதியின் மேலே தாழப் பறந்தார். உயிருடன் இருந்தோரைக் கண்டு, உணவும் தீப்பெட்டியும் விஸ்கியும் அடங்கிய தகரங்களை அவர்களுக்கு இட்டார். மீட்கச் சென்ற படகுகளுக்கு வானிலிருந்தே வழிகாட்டினார். பின்னாளிற் சிறு விமானங்களில் நெடுந்தூரம் பறந்து புகழ்பெற்றவரும் இவரே.

அப்புயலில் மத்திய மேற்கு மாநிலங்களிலும் மிச்சிகன் ஏரியிலுமாகச் சுமார் 150 பேர் மாண்டனர். மினசோட்டாவில் மாத்திரம் இறந்தோர் 49 பேர். அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள். அக்காலத்தில் அப்பகுதிக்குரிய வானிலை அறிவித்தல்கள் சிக்காகோ நகரிலிருந்தே வந்தன. புயலின் உக்கிரத்தை அவை உரியவாறு முன்னுணர்த்தவில்லை. இதன் பின்னரே நாள் முழுவதும் வானிலையைக் கவனித்து அறிவிக்கும் ஏற்பாடு அங்கே விரிவாக்கப்பட்டது.

குளிர் கொல்லும் முறை

குளிர்நீரில் வீழ்ந்தவன் மெல்ல மெல்ல விறைத்தே இறக்கின்றான் என்பது நெடுங்காலமாக நிலவிவந்த எண்ணம். விஞ்ஞானிகள் கண்ட உண்மை வேறு. கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் இதனை ஆராய்வதற்காகத் தம்மையே பலமுறை உறைநீரில் அமிழ்த்திக்கொண்டவர். பொதுமக்கள் மனத்திற் பதியும் வண்ணம் அவர் மூன்று எண்களை வகுத்துத் தந்தார்: ஒன்று, பத்து, ஒன்று. அதாவது ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம்.

முதல் நிமிடம் மூச்சுக்குரியது. செல்சியஸ் அளவில் 15 பாகைக்குக் குறைந்த நீர் திடீரெனத் தோலைத் தாக்கும்போது, மனிதன் தன்னையறியாமலே வாயைத் திறந்து ஆழமாக மூச்சை இழுக்கின்றான். அதைத் தொடர்ந்து சுவாசம் இயல்பைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாகின்றது, இதயம் படபடக்கின்றது. முதல் மூச்சை இழுக்குங்கணத்தில் தலை நீருக்குள் இருக்குமாயின், உட்செல்வது காற்றன்று, நீர். சிறந்த நீச்சற்காரரும் படகின் அருகிலேயே மூழ்கிவிடுவதன் காரணம் இதுவே. இதய நோயுள்ளோர்க்கு இந்த ஒரு நிமிடமே போதும்.

அடுத்த பத்து நிமிடம் கைகால்களுக்குரியது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. உயிர்நிலையாகிய மார்பின் சூட்டைக் காப்பதற்காக உடல் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகின்றது. விரல்கள் மடங்க மறுக்கின்றன. கயிற்றைப் பிடிக்கவும் பொத்தானைப் பூட்டவும் இயலாமற் போகின்றது. ஆகவே பயனுள்ள எதனைச் செய்வதாயினும் இந்தப் பத்து நிமிடத்துள்ளேயே செய்து முடித்தல் வேண்டும்.

ஒரு மணி நேரம் என்பது, உறைநிலையை அண்மிய நீரிலும் வளர்ந்த ஒருவர் உடல் குளிர்ந்து உணர்விழக்க ஏறக்குறைய எடுக்கும் காலம். இது நாம் எண்ணுவதிலும் நீண்டது. ஆனால், இக்காலம் முழுவதும் அவருடைய முகத்தை நீருக்கு மேலே தாங்குவது யாது? கைகால்களோ ஏலவே செயலிழந்துவிட்டன. தாங்கக்கூடியது உயிர்காப்பு அங்கி ஒன்றே.

படகிற் கிடக்கும் அங்கியால் என்ன பயன்?

அமெரிக்கச் சட்டத்தின்படி படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி இருத்தல் வேண்டும். பெரும்பாலும் இருக்கவே செய்கின்றது. ஆனால், ஆசனத்தின் கீழே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அந்நாட்டுக் கரையோரக் காவற்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகளைப் பார்க்கின், படகு விபத்தில் மூழ்கி இறந்தோரிற் பத்தில் எண்மருக்கு மேற்பட்டோர் அங்கியை அணியாதவர்களே. விழுந்த பின் அணிந்துகொள்ளலாம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். முதல் நிமிடத்தில் மூச்சும் அடுத்த நிமிடங்களில் விரல்களும் ஒத்துழையா என்பதை அவர்கள் அறிந்தாரில்லை. கரையை விட்டுப் புறப்படுமுன்பே அங்கி உடலில் இருக்கவேண்டும். துவக்கைத் தோளில் வைப்பதற்கு இடைஞ்சலாகும் என்ற நியாயமும் இன்று செல்லாது. வேட்டைக்கென்றே மெல்லியனவாகவும், நாணலின் நிறத்தை ஒத்தனவாகவும் அங்கிகள் செய்யப்படுகின்றன.

படகு கவிழ்வதற்குரிய காரணங்களும் நன்கு தெரிந்தவையே. அளவுக்கு மிஞ்சிய பாரம் முதலாவது. எத்தனை பேரை, எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பது 20 அடிக்குக் குறைந்த இயந்திரப் படகுகளில் ஒரு தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். எழுந்து நின்று சுடுதல் இரண்டாவது. இருவர் ஒரே பக்கத்திற் சாய்தல் மூன்றாவது. நாய் திடீரெனப் பாய்தல் நான்காவது. இவற்றோடு, எங்கே செல்கின்றோம், எப்பொழுது திரும்புவோம் என்பதை வீட்டாரிடம் கூறாது செல்லுதலையும் சேர்த்துக்கொள்ளலாம். தேடுவோர்க்கு இடந் தெரியாவிடின் அந்த ஒரு மணி நேரமும் வீணே கழிந்துவிடும்.

வேட்டைக்காரரிடையே நிலவும் ஓர் அச்சத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். மார்பளவுக்கு உயர்ந்த, சப்பாத்தோடு ஒன்றாக இணைந்த, நீர் புகாத காற்சட்டையை அவர்கள் அணிவர். அதற்குள் நீர் நிறைந்தால் அது கல்லைப்போல் ஆழத்துக்கு இழுத்துவிடும் என்பர். உண்மை அதுவன்று. நீருக்குள்ளே நீருக்குப் பாரமில்லை. உள்ளே புகுந்த நீரும் வெளியே உள்ள நீரும் ஒன்றே. முழங்காலை மடக்கி மல்லாந்து கிடந்தால், உள்ளே அகப்பட்ட காற்று சிறிது நேரம் மிதக்கவும் உதவும். ஆனால், அதனுடன் நீந்துதல் கடினம். நீரை விட்டு மேலேறும்போதோ உள்ளேயுள்ள நீர் முழுவதும் பாரமாகிவிடும். இடுப்பில் இறுகக் கட்டிய பட்டி, புகும் நீரின் அளவைக் குறைக்கும்.

விழுந்த பின் செய்யவேண்டியவை

முதலில் எதையும் செய்ய முயலாது, முகத்தை நீருக்கு மேலே வைத்து மூச்சு அடங்கும்வரை பொறுத்தல் வேண்டும். பதற்றம் ஓரிரு நிமிடங்களில் தானாகவே தணியும். பின்னர் படகைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். படகு கவிழ்ந்து கிடப்பினும் அதன்மீது ஏறி, உடலில் எவ்வளவு பகுதியை நீருக்கு வெளியே கொணர முடியுமோ அவ்வளவையும் கொணர்தல் நன்று. காற்றில் நடுக்கம் மிகுதியாகத் தோன்றினும், நீரே உடற்சூட்டை விரைவிற் கவர்வது. கரை அருகிலிருப்பதுபோற் கண்ணுக்குத் தோன்றும். அதனை நம்பிப் படகை விட்டு நீந்திப் போனோர் பலர் பாதி வழியிலேயே களைத்தனர்.

ஏற இயலாவிடின், அங்கி அணிந்தவர் முழங்கால்களை மார்போடு அணைத்து, கைகளை விலாவோடு ஒடுக்கி, அசையாது மிதத்தல் வேண்டும். பலராயின் ஒருவரையொருவர் அணைத்துக்கொள்ளலாம். சிறுவர் இருந்தால் அவர்களை நடுவில் வைத்தல் வேண்டும்.

மீட்டெடுத்தவரை எழுப்பி நிறுத்துதலும் நடத்துதலும் ஆபத்து. குளிர்ந்த இதயம் சிறு அதிர்ச்சியிலும் தாளந் தப்பிவிடும். அவரைக் கிடையாக வைத்தே மெதுவாகத் தூக்கி, நனைந்த உடையை நீக்கி, உலர்ந்த கம்பளியாற் போர்த்தி, மார்புக்கும் அக்குளுக்கும் சூடு கொடுத்தல் வேண்டும். கைகால்களைத் தேய்த்தல் ஆகாது. நன்கு உணர்வு உள்ளவராயின் இனிப்பான சூட்டுத் தேநீர் கொடுக்கலாம். மதுபானம் கூடவே கூடாது. 1940இல் விமானத்திலிருந்து இட்ட விஸ்கி அன்பினால் இட்டதே. எனினும் மது தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி, சூடு ஏறியது போன்ற மயக்கத்தைத் தந்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடுகின்றது.

மூச்சில்லை, நாடியில்லை என்று கைவிடலும் ஆகாது. 1999ஆம் ஆண்டு மே மாதம் நோர்வே நாட்டில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் பனிச்சறுக்கும்போது ஓடையொன்றின் உறைபனியின் கீழே அகப்பட்டு, 80 நிமிடங்களின் பின்னரே மீட்கப்பட்டார். அவருடைய உடலின் வெப்பம் 13.7 பாகைக்குத் தாழ்ந்திருந்தது, இதயம் நின்றிருந்தது. மீட்டோர் இதய அமுக்கலை நிறுத்தாது தொடர்ந்தனர். வைத்தியசாலையில் அவருடைய இரத்தத்தைப் படிப்படியாகச் சூடாக்கினர். அவர் பிழைத்து, மீண்டும் வைத்தியத் தொழிலுக்குத் திரும்பினார். சூடேற்றிய பின்பும் உயிர் திரும்பாவிட்டாலன்றி ஒருவரை இறந்தார் எனக் கொள்ளலாகாது என்பது இன்று வைத்தியர்கள் கைக்கொள்ளும் விதி.

நமக்கும் உரிய பாடம்

வாத்து வேட்டைக்கும் நமக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். இன்று நம் குடும்பங்களில் கனடாவில் ஓர் உறவினர் இல்லாத குடும்பம் அரிது. நம் பிள்ளைகள் அங்கே ஏரிகளில் மீன் பிடிக்கவும் படகோட்டவும் செல்கின்றனர். கீரிமலைக் கேணியிலும் நம் கடலிலும் நீந்திப் பழகியவர்க்கு, நீச்சல் தெரிந்தாற் போதும் என்ற துணிவு இயல்பாகவே உண்டு. ஒன்ராறியோ ஏரியிலோ வைகாசி மாதத்தில் நல்ல வெயில் எறிக்கும் நாளிலும் நீர் 10 பாகைக்கும் குறைவாக இருப்பதுண்டு. வெயிலைப் பார்த்து உடுத்துவோர் அங்கே ஏமாறுவர். நீரின் குளிரை அறிந்து உடுத்தல் வேண்டும்.

கடல் கடந்து வாழும் மக்களுக்கு நம் பெற்றோர் எத்தனையோ புத்திமதிகள் கூறுகின்றனர். ‘படகில் ஏறுமுன் அங்கியை அணிந்துகொள்’ என்னும் ஒரு வாக்கியத்தையும் அவற்றோடு சேர்த்துக் கூறுவார்களாக. கூறுவதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. காப்பதோ அந்த முதல் நிமிடத்தை.