ஒத்த பொருள்களைப் பிரித்தறிதல்



நீர்போல் தெளிந்த இரு திரவங்களை எண்ணிக்கொள்வோம். ஒன்று எத்தனால் என்னும் சாராயம். மற்றொன்று மெத்தனால் என்னும் மரச்சாராயம். இரண்டும் நிறமற்றவை; நீருடன் எளிதிற் கலப்பவை; தீப்பற்றி எரிபவை. மூலக்கூறுகளிடையே உள்ள வேற்றுமை ஒரு கரி அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுமே. ஆயினும் மெத்தனால் உடலினுள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது, உயிரையும் போக்குகிறது. 2015-இல் மும்பையின் மால்வணிப் பகுதியிலும், 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் பலர் மாண்டனர்.

இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் முறையே வாயு வண்ணப்பிரிகை. ருஷ்யத் தாவரவியலார் மிகயீல் ஸ்வெட், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாயில் இலைச்சாற்றைச் செலுத்தி, அதன் நிறப்பொருள்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதைக் கண்டார். வண்ணப்பிரிகை என்னும் பெயர் அதனால் வந்தது. 1952-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் ஆகிய இருவரும், குழாயினுள் திரவத்திற்குப் பதிலாக வாயுவை ஓடவிட்டு, நிறமற்ற கொழுப்பமிலங்களையும் பிரித்துக் காட்டினர்.

கடைத்தெரு ஒன்றில் இருவர் ஒரே வேகத்தில் நடந்து செல்கின்றனர். ஒருவர் கடைதோறும் நின்று விலை கேட்கிறார். மற்றவர் சில கடைகளில் மட்டுமே நிற்கிறார். தெருமுனையை முதலில் அடைபவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? இக்கருவியில் தெரு என்பது 30 மீட்டர் நீளமும் மயிரிழையொத்த உட்டுளையும் கொண்ட ஒரு சுருட்குழாய். அதன் உட்சுவரில் மெல்லிய திரவப் பூச்சு உண்டு. ஹீலியம் போன்ற வாயு ஆவிகளைச் சுமந்து செல்கிறது. பூச்சோ அவற்றைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. மெத்தனால் 65 பாகை சென்டிகிரேடிலும், எத்தனால் 78 பாகையிலும் கொதிப்பவை. எளிதில் ஆவியாகும் மெத்தனால் முன்னே வெளிவருகிறது.

கொதிநிலையும் ஏறக்குறைய ஒன்றாயின்? பென்சீனும் சைக்ளோஹெக்சேனும் 80 பாகையை ஒட்டியே கொதிக்கின்றன. அங்கே தகுந்த பூச்சைத் தேர்ந்தால், அது பென்சீனை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும், மற்றது முந்திவிடும். ஆகவே பூச்சைத் தேர்வதே இக்கலையின் உயிர்நாடி.

குழாயின் முடிவில் சிறு ஹைட்ரஜன் சுடர் எரிகிறது. ஆவி அதில் எரியும்போது எழும் மின்னோட்டம், வரைபடத்தில் சிகரமாகப் பதிகிறது. வெளிவந்த நேரம் பொருளைச் சுட்டும். சிகரத்தின் பரப்பு அளவைச் சொல்லும். நேரம் ஒன்றே சான்றாகாது. வேறொரு பொருளும் அதே நேரத்தில் வரக்கூடும். எனவே மாறுபட்ட பூச்சுள்ள இரண்டாவது குழாயிலும் சோதித்த பின்னரே முடிவு கூறுவர்.

சாராயத்தை நாவாலும் மூக்காலும் சோதிக்கலாம் என்பார் கூற்றை நம்பற்க. அருந்திய பின் பல மணி நேரம் கழித்தும் பார்வை மங்கலாம். அவ்வாறாயின் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மாற்று மருந்துண்டு; காலத்தில் கொடுத்தால் உயிரையும் கண்ணையும் காக்கலாம்.