ஒரே மடிக்கணினி, இரண்டு இயங்குதளங்கள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைக்கப்பெற்றது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒருங்கே இடம்பெற்றிருந்தன. நிரல் கற்போருக்கு இஃது அரிய வாய்ப்பு. ஒரே கருவித்தொகுப்பு இரு தளங்களில் எவ்வாறு நிறுவப்படுகிறது என்பதை ஒப்பிட்டறியலாம்.

ஜாவாவை எடுத்துக்கொள்வோம். விண்டோசில் நிறுவியைத் தரவிறக்கி இயக்கினால் கோப்புகள் உரிய கோப்புறையில் அமையும். ஆயினும் 'பாத்' என்னும் சூழல் மாறியில் அக்கோப்புறை குறிக்கப்படாவிடில் கணினி நிரல்பெயர்ப்பியைக் கண்டறியாது. வீடு கட்டியபின் கதவிலக்கம் எழுத மறந்தால் அஞ்சல்காரர் என் செய்வார்? டெபியன் வழிவந்த பாஸ் லினக்சிலோ 'ஆப்ட்' கட்டளையே களஞ்சியத்திலிருந்து தொகுப்பைக் கொணர்ந்து பாதையையும் அமைத்துவிடும். அதன் 'அப்டேட்' பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். மென்பொருளைப் புதுப்பிப்பது 'அப்கிரேட்'. பெயரைக் கண்டு மயங்குவோர் பலர்.

புதுப்பித்தலில்தான் உண்மையான இடர் உள்ளது. அம்பத்தூர் மாணவி ஒருத்தி பள்ளி ஆய்வகத்தில் ஜாவா 17-இல் (2021) பெயர்த்த நிரலை, வீட்டுக் கணினியின் ஜாவா 8 (2014) ஏற்க மறுக்கும். நிரலில் பிழையில்லை, பதிப்புகள்தாம் வேறு. விண்டோசில் பழைய பதிப்பை நீக்காதிருந்தால், 'பாத்' வரிசையில் முன்னிற்பதே இயங்கும் என்பதால் குழப்பம் மிகும். புதிய பதிப்பைத் தரவிறக்க வசதியில்லாதவர், பள்ளியில் பெயர்க்கும்போதே 'ரிலீஸ் 8' என்னும் தெரிவைச் சேர்க்கலாம். ஜாவா 8 அறியாத கூறுகள் நிரலில் இருப்பின் நிரல்பெயர்ப்பி அங்கேயே சுட்டிக்காட்டிவிடும்.