பெற்றோல் வடிகட்டியும் வீட்டு முற்றமும்

மாணாக்கரின் இயல்புகளை வகுத்துரைக்க வந்த பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்திலே, கடைத்தர மாணாக்கருக்கு உவமையாகக் காட்டிய பொருள்களுள் நெய்யரியும் ஒன்று. பன்னாடை என்று நாம் வழங்குவதும் அதுவே. நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசட்டை மாத்திரம் தன்னிடம் பற்றிக்கொள்வது அதன் குணம். நல்லதை விட்டு அல்லதைக் கொள்ளும் மாணாக்கனுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. ஆயினும், வகுப்பறையிலே குற்றமாகும் இக்குணம், மோட்டார்க் காரின் ஓர் உறுப்புக்கு மட்டும் தலையாய குணமாகிவிடுகின்றது. அவ்வுறுப்புத்தான் பெற்றோல் வடிகட்டி. அதனைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்டுவது, சிறிய கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. கைவேலை எளிது, அதைச் சூழ்ந்துள்ள அபாயம் எளிதன்று. ஆகையால் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கின்றது.

காரின் பின்புறத்துத் தாங்கியிலிருந்து முன்புறத்து எஞ்சினுக்குப் பெற்றோல் ஒரு மெல்லிய குழாய் வழியே வருகின்றது. அதனை இழுத்துத் தள்ளுவது பம்பி. காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது காபுரேற்றர். காபுரேற்றரினுள்ளே பெற்றோல் பாயும் துவாரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலமே உடையது. அதனினும் நுண்ணிய துவாரங்களும் உண்டு. தாங்கியின் உட்புறத்துத் துரு, தூசு, நீர்த்துளி, றப்பர்த் துணுக்கு ஆகியவற்றுள் ஒன்று அத்துவாரத்தில் அடைத்துக்கொண்டால் எஞ்சின் நின்றுவிடும். அவ்வாறு நேராமல் வழியிலேயே மறிப்பதற்காகக் குழாயின் நடுவே சிறிய பெட்டகம் ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. அதனுள்ளே மடிப்பு மடிப்பாக மடித்த காகிதம் இருக்கும். மடித்து வைப்பதன் நோக்கம் சிறிய இடத்திற்குள்ளே பெரிய பரப்பை அடக்குவதாகும். மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரோன் பருமனுடையது. அதாவது ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் எழுபது கூறு. அதனினும் நுண்ணிய துணிக்கைகளை இக்காகிதம் மறித்துவிடும்.

காலப்போக்கில் காகிதம் கசட்டினால் நிறைந்துவிடுகின்றது. அப்போது காணும் அறிகுறியைப் பாடநூல்கள் மலையேற்றத்தில் வைத்துச் சொல்லும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், பெற்றோல் போதாமல் விக்கும் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் நமது குடாநாட்டிலே ஏறுவதற்கு மலை எங்கே? ஒழுங்கைகளிலும் சந்தைத் தெருவிலும் மெதுவாகப் போகும்வரை நோய் வெளிப்படாது. கண்டி வீதியில் ஆனையிறவைத் தாண்டியதும், நேர்வீதி என்று வேகத்தைக் கூட்டும்போது, அல்லது பேருந்து ஒன்றை முந்த முயலும்போது, கார் பின்னிழுப்பதுபோல் தளரும். வேகத்தைக் குறைத்தால் மீண்டும் சீராக ஓடும். இவ்வாறு வேகத்தில் தளர்ந்து, மந்தகதியில் தெளிவது வடிகட்டி அடைத்திருப்பதற்கு ஓர் அடையாளம். தளர்ந்த பம்பியும் இதே அடையாளத்தைத் தரும் என்பது உண்மையே. ஆனால் வடிகட்டியின் விலை பம்பியின் விலையில் ஒரு சிறு பங்கே. ஆகையால் அதனை முதலில் மாற்றிப் பார்ப்பதே முறை.

வடிகட்டியின் அருமையை யாழ்ப்பாணத்தவர் அறிந்ததுபோல் வேறொருவர் அறிந்திருப்பாரோ என்பது ஐயம். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லாமற்போயிற்று. அக்காலத்திலே ஓஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பேணி வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறியபின் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடும். இதன் காரணத்தை மாணவர்கள் அறிவது நன்று. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை சதமளவைக்கு மேல் வெம்மையுற்றாலன்றித் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடாது. பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவிலும் அவ்வாறு ஆவி விடும். ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் வேண்டும். சூடேறிய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒருவாறு போதும். காற்றை ஏழு மடங்களவே அமுக்கும் அப்பழைய எஞ்சின்கள் இந்தத் தாழ்ந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புகையும் கரியும் மிகுந்தன. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்தது. ஆயினும் நோயாளரை ஏற்றிச் செல்லவும் மணமக்களை அழைத்து வரவும் அக்கார்களே உதவின.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அப்பழைய கார்களில் இருந்தது காகித வடிகட்டி அன்று. பம்பியின் தலையிலே சிறிய கம்பிவலை. கழற்றிக் கழுவி, ஊதி, மீண்டும் மாட்டலாம். பீப்பாவிலும் தகரத்திலும் போத்தலிலும் கைமாறி வந்த மண்ணெண்ணெயைச் சீலையால் வடித்து ஊற்றியபின், எஞ்சிய கசட்டை அவ்வலை மறித்தது. புதிய உதிரிப்பாகம் கிடைக்காத நாளிலே, கழுவக்கூடிய ஒரு வலை கழுவமுடியாத காகிதத்தினும் எவ்வளவோ மேலானது. பிற்காலத்துக் கார்களின் காகித வடிகட்டியைக் கழுவிப் பயன்படுத்த முயல்வோர் இன்றும் இருக்கின்றார்கள். அது வீண்முயற்சி. காற்றை ஊதினால் காகிதம் கிழியும். கிழிந்த காகிதத்தின் நார் நேரே காபுரேற்றருக்குப் போகும்.

2022 ஆம் ஆண்டிலே எரிபொருட் பஞ்சம் நாடு முழுவதையும் பிடித்தது. கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் அளந்து கொடுத்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர, வெளியிணைப்பு எஞ்சின்களுக்கு அதையே நம்பியிருந்த நமது கடற்றொழிலாளர் பெரிதும் இடருற்றனர். வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை வீடுகளிலே கிடைத்த கலங்களில் எல்லாம் சேமித்தவர்கள் பலர். கலத்தின் அடியில் இருந்த நீரும் தூசும் கார்களின் தாங்கிகளுக்குள்ளே போய்ச் சேர்ந்தன. தாங்கியின் அடியிலே தங்கிய வண்டல் தானாக வெளியேறுவதில்லை. அன்று புகுந்தது இன்றும் அங்கேயே கிடக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் உங்கள் கார் எவ்வகையினது என்று அறிந்துகொள்ளுங்கள். காபுரேற்றர் உள்ள பழைய மாருதி 800 போன்ற கார்களுக்கே நாம் கூறுவது பொருந்தும். பெற்றோலை ஊசித் துவாரம் வழியே பீச்சும் புதிய கார்களில் குழாயினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்களவில் நிற்கும். பலவற்றில் வடிகட்டி தாங்கிக்குள்ளே பம்பியோடு இணைந்திருக்கும். அவற்றை வீட்டிலே தொடுவது தகாது. கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது இடம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாது. தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றும். நமது வீடுகளை எண்ணிப் பாருங்கள். கார் நிற்பது பெரும்பாலும் கிடுகால் வேய்ந்த கொட்டிலிலே. பக்கத்தில் கிடுகு வேலி. பத்தடிக்கு அப்பால் குசினியில் அடுப்பு. சுவாமி அறையில் விளக்கு. மாலையானால் விறாந்தையில் நுளம்புத்திரி. முற்றம் கூட்டிய சருகைக் குவித்துக் கொளுத்துவதோ நாள்தோறும் நடப்பது. இவற்றுள் எதுவும், ஊர்ந்துவரும் ஆவிக்குப் போதுமான தீயாகும். ஆகவே காரைக் கொட்டிலிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். கிளப்பி ஓட்டி வந்து சூடாக்கவேண்டாம். காலைப்பொழுதே ஏற்றது. அடுப்பு மூட்டுமுன் வீட்டாரிடம் சொல்லுங்கள். சிறுவர்களை அப்பாலே நிறுத்துங்கள். ஒரு வாளி நிறைய மணல் அருகில் இருக்கட்டும். எரியும் பெற்றோலின் மேல் நீரை ஊற்றினால், அது நீரின்மேல் மிதந்து மேலும் பரவும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியையும் உள்ளே வைத்துவிட்டு வருவது நல்லது. வெளிச்சத்துக்கு அதனை நீட்டிக் குனிந்து பார்க்கும் பழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. காலை வெளிச்சமே போதும்.

எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பற்றரியின் மறைமுனைக் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பொறி எழுவதற்கு இடமிராது. தாங்கியின் மூடியை ஒருமுறை திறந்து மூடினால் உள்ளே தேங்கிய ஆவியின் அழுத்தம் நீங்கும். வடிகட்டி சில கார்களில் எஞ்சின் அறையிலும், சிலவற்றில் அடிப்புறத்தே தாங்கிக்கு அண்மையிலும் இருக்கும். அடியில் இருக்குமாயின் ஜக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே நுழையாதீர்கள். உறுதியான தாங்குகால் வைத்தபின்னரே நுழையவேண்டும்.

பழைய வடிகட்டியைக் கழற்றுமுன் அதன் உடலில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். பெற்றோல் பாயும் திசையை அது காட்டும். தாங்கியின் பக்கமிருந்து எஞ்சினின் பக்கம் நோக்கியிருக்கும். புதியதும் அவ்வாறே அமையவேண்டும். கீழே ஒரு தகரப் பேணியை வைத்து, குறட்டினால் கிளிப்பை நெகிழ்த்திப் பின்னே தள்ளுங்கள். றப்பர்க் குழாயை நேரே இழுத்தால் வராது. இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் கழன்றுவிடும். சிறிது பெற்றோல் கொட்டும். தாங்கிப் பக்கத்துக் குழாயிலிருந்து ஒழுக்கு நிற்காவிட்டால், அதன் வாயைப் பொருத்தமான ஆணியொன்றால் அடைக்கலாம். குழாயை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றவேண்டும். மாற்றும்போது பெற்றோலுக்கென்றே செய்த குழாயை வாங்குங்கள். கண்ணாடிபோன்ற சாதாரண பிளாத்திக்குக் குழாய் மலிவுதான். சில மாதங்களில் இறுகிச் சுருங்கிக் கழன்று, சூடான எஞ்சினின் மேலே பெற்றோலைச் சொட்டவிடும். இரண்டு நூறு ரூபாவை மிச்சம் பிடிப்பதற்குரிய இடம் இதுவன்று.

புதியதைப் பூட்டிக் கிளிப்புகளை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, அது உலர்ந்து மணம் நீங்கும்வரை காத்திருந்தபின் பற்றரியை இணையுங்கள். முதல் முயற்சியிலேயே எஞ்சின் இயங்காது. வெறுமையான வடிகட்டியும் காபுரேற்றரின் கிண்ணமும் நிறையவேண்டும் அல்லவா? சில விநாடி சுழற்றுவதும் சற்றே நிறுத்துவதுமாக முயன்றால் பற்றிக்கொள்ளும். ஓடும்போதே இரு இணைப்புகளையும் உற்றுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். மறுநாட் காலையிலும் ஒருமுறை பார்ப்பது நன்று.

பலர் இந்தக் கட்டத்திலே பழைய வடிகட்டியை வீசிவிடுகின்றார்கள். நாம் அவ்வாறு செய்வதற்கு உடன்படோம். அதன் நுழைவாயைக் கீழே கவிழ்த்து, உள்ளிருப்பதை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் சிந்தவிடுங்கள். செந்நிறத் துகள் இருந்தால் தாங்கி உள்ளே துருப்பிடிக்கின்றது. பெற்றோலின் அடியில் உருண்டு ஓடும் தெளிந்த மணிகள் நீர். மழைக்காலத்தில் மூடியின் வழியாகவோ, சேமித்த கலத்தின் வழியாகவோ அது வந்திருக்கலாம். கருந்துணுக்குகள் உக்கிய றப்பர்க் குழாயினுடையவை. நூலிழைகள் காணப்பட்டால், யாரோ துணியால் வடித்து ஊற்றியிருக்கின்றார்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எது? துரு மிகுதியாயின் தாங்கியைக் கழற்றிச் சுத்தஞ்செய்யாமல் வடிகட்டியை மாத்திரம் மாற்றிக்கொண்டிருப்பது, ஓட்டைக் கூரையின் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டிருப்பதற்குச் சமானம்.

தட்டிலும் பேணியிலும் உள்ள பெற்றோலை என்ன செய்வது? மாமரத்தடியிலே ஊற்றிவிடுவோம் என்று எண்ணுவோர் நிற்க. நமது நிலத்தின் கீழே இருப்பது சுண்ணக்கல்; வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். ஆறில்லாத இக்குடாநாட்டில் நாம் குடிப்பது அக்கல்லிடையே நிற்கும் நீரைத்தான். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்களை எவ்வளவு கலக்கியது என்பதையும், அவ்வழக்கிலே 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்ததையும் நாம் மறந்திருக்கமாட்டோம். அது பெருந்தொகையான எண்ணெய். நமது பேணியில் இருப்பதோ சில கரண்டி. ஆயினும் ஒவ்வொரு முற்றத்துக்கும் ஒரு கிணறு உண்டு. தெளிந்த பெற்றோலை இறுக்கமான மூடியுள்ள கலத்தில் எடுத்து வைத்து, அழுக்குகளோடு கூடியதை மெக்கானிக்கின் கழிவெண்ணெய்ப் பீப்பாவில் சேர்த்துவிடலாம். துடைத்த சீலையையும் பழைய வடிகட்டியையும் வெளியிலே, தீ அணுகாத இடத்தில், நன்றாக உலரவிட்டு அகற்றுங்கள். சருகுக் குவியலுக்குள் அவை போய்விடாமல், முற்றம் கூட்டுபவரிடம் முன்னரே சொல்லிவைப்பதும் அவசியம்.