காப்பவரைக் காக்கும் கவசம்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கை இலங்கைக்கு அளித்த பெருங்கொடை. கொட்டியாரக் குடாவின் ஆழ்ந்த நீரும் அதனை அணைத்து நிற்கும் குன்றுகளும் புயலுக்கு அஞ்சி வரும் கப்பலுக்குப் புகலிடமாக விளங்குகின்றன. ஆயினும் கப்பலுக்குத் திறந்த வாயில் நோய்க்கும் திறந்த வாயிலேயாகும். இவ்வுண்மையைத் துறைமுக நகரங்கள் பண்டு தொட்டே அறிந்திருந்தன. அத்திரியாற்றிக் கடற்கரையிலுள்ள இரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் விலகியிருந்த பின்னரே உள்ளே வரலாமென 1377ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தது. முப்பது நாள் பின்னர் நாற்பது நாளாயிற்று. நோயுற்றவனுக்கும் ஊருக்கும் இடையே ஒரு தூரம் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து.

ஊரார் விலகி நிற்கலாம்; உறவினரும் விலகி நிற்கலாம். ஆனால் விலகி நிற்க முடியாதவர் சிலர் உளர். நோயாளியின் நாடியைத் தொட வேண்டிய வைத்தியர், மருந்தூட்ட வேண்டிய தாதி, படுக்கை விரிப்பை மாற்ற வேண்டிய சிற்றூழியர், நோயாளர் வண்டியைச் செலுத்தும் சாரதி ஆகியோரே அவர்கள். இவர்களுக்கு வேண்டிய தூரத்தை நிலத்தில் அளந்து கொடுக்க இயலாது. உடம்பின்மேல் அணிவித்தே கொடுக்க வேண்டும். முகக்கவசம், கண்ணையும் முகத்தையும் மறைக்கும் ஒளிபுகும் தகடு, கையுறை, மேலங்கி என்பன யாவும் அவ்வாறு அணியப்படும் தூரமேயன்றி வேறல்ல.

அத்தூரம் இல்லாதபோது நேர்வது யாது? 2003ஆம் ஆண்டிற் பரவிய சார்ஸ் நோய் உலகெங்கும் 8,096 பேரைப் பீடித்தது. அவர்களுள் 1,706 பேர், அதாவது ஐவரில் ஒருவர், நோயாளரைப் பராமரித்த சுகாதார ஊழியர். கொரோனாக் கொள்ளைநோயில் 2020 சனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 வரையான சுகாதார ஊழியர் உயிரிழந்திருக்கலாமென உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தாதி ஒருவர் நோயில் வீழ்ந்தால் அவரது குடும்பம் மட்டும் துன்புறுவதில்லை; அவர் பார்க்கவிருந்த நோயாளர் அனைவரும் துணையற்றவராகின்றனர்.

எளிய பொருள்களால் ஆன கவசமும் உயிர் காக்கும் என்பதைக் காட்டியவர், பினாங்கிற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பயின்ற வைத்தியர் வூ லியென் தே. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரற் பிளேக்கு பரவியது. நோய் மூச்சின் வழியாகவே பரவுகிறது என்று கண்ட அவர், பஞ்சை மெல்லிய வலைத்துணியில் மடித்துக் கட்டும் முகக்கவசத்தை வகுத்தார். விலை உயர்ந்த பொருள் எதுவும் அதற்கு வேண்டியதில்லை. கத்தரிக்கோலும் பொறுமையும் உடைய எவரும் அதனைச் செய்யலாம். இதனை ஏற்காது முகத்தை மூடாமல் நோயாளரைப் பார்வையிட்ட பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி சில நாள்களுள் அந்நோய்க்கே இரையானார். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற அந்நோய் 1911ஆம் ஆண்டின் முற்பகுதியில் அடங்கியது.

இலங்கையும் இத்தகைய துயரை அறியாத நாடன்று. 1918, 1919ஆம் ஆண்டுகளில் வந்த இன்புளுவென்சாவினால், மரணங்களும் குறைந்த பிறப்புகளும் சேர்ந்து, மக்கள்தொகையில் 3 இலட்சத்து 7 ஆயிரம் இழப்பு நேர்ந்ததெனப் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். அது நூற்றுக்கு 6.7 பங்காகும்.

நூறாண்டு கழிந்து 2020ஆம் ஆண்டிற் கொரோனா வந்தது. அவ்வாண்டு மார்ச்சு 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. அதற்கு முன்னரே, மார்ச்சு 3ஆந் திகதி, உலகச் சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தது. மாதந்தோறும் 8 கோடியே 90 இலட்சம் மருத்துவ முகக்கவசமும் 7 கோடியே 60 இலட்சம் கையுறையும் வேண்டியிருக்கும். உற்பத்தியை நூற்றுக்கு நாற்பது பங்கு பெருக்கினாலன்றித் தேவை நிறையாது என்பதே அது. முகக்கவசத்தின் விலை அதற்குள் ஆறு மடங்காகியிருந்தது. எல்லா நாடுகளும் ஒரே பொருளை ஒரே வேளையில் தேடின. சிறிய நாடுகள் வரிசையிற் பின்னே நிற்க நேர்ந்தது.

தொழிற்சாலைகள் விழித்தெழும்வரை உள்ள இடைவெளியை நிரப்பியவர் தொண்டர்களே. செக் நாட்டில் ஜோசப் புரூசா என்பவரின் நிறுவனம் முகத் தகட்டின் வரைபடத்தை எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டது. மும்பையில் 'மேக்கர்ஸ் அசைலம்' என்னும் பட்டறையினர் தொடங்கிய முயற்சி 42 ஊர்களுக்குப் பரவி, 49 நாள்களிற் பத்து இலட்சம் தகடுகளை ஆக்கி முடித்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் தையல் இயந்திரங்களுடன் அமர்ந்தனர். கேரளத்திற் சிறைக் கைதிகளும் முகக்கவசம் தைத்தனர். இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளும் ஏற்றுமதிச் சட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பாதுகாப்பு உடை தைக்கத் தொடங்கின.

எனினும் நல்லெண்ணம் மட்டும் கிருமியைத் தடுக்காது. தொண்டர் செய்யத்தக்கது எது, செய்யலாகாதது எது என்று அறிந்திருத்தல் அவசியம்.

செய்தற்கு எளியது முகத் தகடு. ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளொன்று, நெற்றியிற் பொருந்தும் பஞ்சுப்பட்டி, தலையைச் சுற்றும் இழுவைநாடா என்னும் மூன்றும் போதும். ஆனால் தகடு நாடிக்குக் கீழே இறங்க வேண்டும். பக்கங்களிற் காதுவரை வளைய வேண்டும். நெற்றியில் இடைவெளி இருத்தலாகாது. தகடு தெறிக்கும் துளிகளைத் தடுக்குமே தவிர, கீழிருந்து ஏறும் காற்றைத் தடுக்காது. ஆதலின் முகக்கவசத்தின் மேலேயே அதனை அணிதல் வேண்டும்.

மேலங்கி அதனினும் கடினமானது. கடைகளிற் பைகளாகத் தரப்படும் நெய்யாத துணியைப் போன்றதே அதற்கும் உதவுகிறது. நீர் ஊறாதிருக்க அதன்மீது மெல்லிய படலமொன்று பூசப்படுகிறது. குறை எங்கே நேர்கிறதெனின், தையலில் நேர்கிறது. ஊசி நுழைந்த ஒவ்வோர் இடமும் ஒரு துளை. வலையில் ஒரு கண் அறுந்தாலும் மீன் தப்பிவிடும் என்பதைத் திருகோணமலைக் கடற்றொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கும் அதுவே நியதி. அதனாலேயே தையலின்மீது சூட்டினால் நாடா ஒட்டப்படுகிறது. கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 2020ஆம் ஆண்டில் இத்தகைய உடைகளைச் செயற்கைக் குருதி கொண்டு சோதித்தது. அத்தகைய சோதனைக்கு உட்படாத அங்கி, குருதியும் சளியும் தெறிக்கும் இடத்திற்கு ஏற்றதன்று.

வீட்டிற் செய்யவே இயலாதது 'என் 95' எனப்படும் முகக்கவசம். மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கே பருமனுள்ள துகள்களிலும் நூற்றுக்கு 95 பங்கை அது தடுக்கிறது. மின்னூட்டம் ஏற்றிய நுண்ணிழைப் படலமே அந்த ஆற்றலைத் தருகிறது. வீட்டுத் துணியில் அது வாராது. ஆயினும் வீட்டுத் தையலுக்கும் ஓரிடம் உண்டு. பொதுமக்கள் துணிக் கவசம் அணிந்தால், மருத்துவக் கவசங்கள் வைத்தியசாலைக்கு மிஞ்சும். உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவே வடிகட்டும் படை, வெளியே நீர் ஒட்டாத துணி என மூன்று படையாக அதனை அமைக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் அறிவுரை கூறியது.

திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இப்பணியை எங்ஙனம் ஒழுங்கு செய்யலாம்? தலைநகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. கிண்ணியா, மூதூர், கந்தளாய் முதலிய இடங்களிலும் வைத்தியசாலைகள் உண்டு. அவற்றின் தேவை ஒன்றுபோல் இராது. ஆகவே முதற்பணி தைப்பதன்று, கேட்பது. எத்தனை வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்று வைத்தியசாலையிடம் கேட்டறிந்து, ஒரு மாதிரியைச் செய்து, அதனை ஒரு தாதி ஒரு முழு வேளை அணிந்து பார்த்த பின்னரே மற்றவற்றை வெட்ட வேண்டும். கச்சான் காற்று அனல் வீசும் மாதங்களில், காற்றுப் புகாத அங்கிக்குள் அரை மணி நேரம் நிற்பதே தவம். அணிபவர் வியர்வை தாளாது கையால் முகத்தைத் துடைத்தால் கவசத்தின் பயன் கெட்டுவிடும். ஊரடங்குக் காலத்தில் ஒரு மண்டபத்திற் பலர் கூடித் தைத்தல் தகாது. துணியை ஓரிடத்தில் வெட்டி, வீடுதோறும் அனுப்பித் தைப்பித்து, மீண்டும் ஓரிடத்திற் சேர்த்துப் பரிசோதித்தலே முறை. இருமலோ காய்ச்சலோ உள்ளவர் அன்று ஊசியைத் தொடாதிருப்பதும் ஒரு தொண்டே.

கொடுத்ததோடு பொறுப்பு முடிவதில்லை. மீண்டும் பயன்படும் தகட்டைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவிக் கிருமிநீக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு வலிமையுள்ள வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு நீர் நாற்பத்தொன்பது பங்கு கலந்தால் அதற்கு ஏற்ற கரைசல் கிடைக்கும். பின்னர் நன்னீரில் அலச வேண்டும். கழற்றும் வேளையே அபாயம் மிகுந்த வேளை. கையுறையும் அங்கியும் முதலில், கை கழுவிய பின் முகத் தகடு, இறுதியிற் பின்புறமிருந்து முகக்கவசம் என்பதே வழக்கமான ஒழுங்கு. இவ்வொழுங்கினை எழுதிய ஒரு சீட்டைப் பொதியுடன் வைத்தனுப்புதல் நன்று.

தொழிற்சாலைப் பொருள் வந்து சேர்ந்ததும் தொண்டரின் வேலை ஓய்கிறது, ஓயவும் வேண்டும். அதனால் அது சிறிய வேலையாகிவிடாது. நோயாளியின் அருகே செல்லும் தாதி தம் உடம்பின்மேல் அணிந்திருப்பது முகமறியாத ஒருவர் அளந்து வெட்டிய தூரம். அதன் தையல் பிரியாதிருக்குமாயின், அவர் மாலையில் நலமாக வீடு திரும்புவார். மறுநாட் காலையில் மீண்டும் நோயாளியின் அருகே நிற்பார். தைத்தவர் பெறத்தக்க நன்றி அதுவே.