ஆங்கிலக் கல்வியை அளக்க ஒரே படி

ஒரு காலத்தில் நம் சந்தைகளில் நெல்லையும் கேழ்வரகையும் அளக்கப் படியும் மரக்காலும் வழங்கி வந்தன. பெயர் ஒன்றேயாயினும் அளவு ஊருக்கு ஊர் மாறுபட்டது. ஓர் ஊரின் படியில் நிறைய அளந்த தானியம் அடுத்த ஊரின் படியில் குறைந்து நின்றது. இதனால் நஷ்டமடைந்தவர் பெரும்பாலும் பாடுபட்டு விளைவித்த உழவரே ஆவர். 1956-ஆம் ஆண்டில் எடை, அளவுகளுக்கான சட்டம் இயற்றப்பட்டு, கிலோவும் லிட்டரும் படிப்படியாக நாடெங்கும் பழக்கத்திற்கு வந்த பின்னரே இக்குழப்பம் நீங்கியது. இன்று ஜோலார்பேட்டையில் எடை போட்ட மாங்காய் பெங்களூரிலும் அதே எடைதான்.

ஆனால் நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் ஆங்கிலத்திற்கு இத்தகைய பொது அளவு உண்டா? இக்கேள்வியை நம் முன் வைத்தவர் ஒரு விவசாயி. கிராம சபைக் கூட்டம் ஒன்று முடிந்து நாம் புறப்படும் வேளையில், அவர் ஆறாம் வகுப்பில் படிக்கும் தம் மகளை அழைத்து வந்தார். கையில் ஒரு பூச்சிமருந்துப் புட்டி இருந்தது. அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த நான்கு வரிகளைப் படிக்கும்படி கூறினார். அச்சிறுமி எழுத்துக்களைத் தடையின்றிக் கூட்டிப் படித்தாள். எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு மருந்து கலக்க வேண்டும் என்று கேட்டபோது மட்டும் அவளால் சொல்ல இயலவில்லை. "ஆங்கிலத்தில் இவள் 82 மார்க்கு வாங்கியிருக்கிறாள், ஐயா. அந்த 82 எதை அளந்த அளவு?" என்று அவர் கேட்டார். உடனே விடையளிக்க நம்மால் முடியவில்லை. இக்கட்டுரை அவருக்கு நாம் கடன்பட்ட விடையாகும்.

மார்க்கு எதை அளக்கிறது?

கேள்விகளுக்குரிய விடைகளை மனப்பாடம் செய்து தவறின்றி எழுதும் திறனை ஒரு பரீட்சை அளக்கலாம். புதிதாகக் கண்ணில் படும் ஒரு வாசகத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் திறனை மற்றொரு பரீட்சை அளக்கலாம். இரண்டிற்கும் பெயர் ஆங்கிலப் பரீட்சை என்பதே. அச்சிறுமியின் 82 முதல் வகையைச் சேர்ந்தது. தந்தை எதிர்பார்த்ததோ இரண்டாம் வகை. பிழை அவளுடையதன்று, அளந்த படியில்தான் வேறுபாடு.

நமது பகுதியில் இச்சிக்கல் மேலும் ஒரு மடங்கு பெரிது. ஜோலார்பேட்டை ஜங்ஷனிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில், ஆந்திராவின் குப்பத்தைக் கடந்து கர்நாடகத்தின் பங்காருப்பேட்டையை அடைகிறது. மூன்று மாநிலங்கள் கூடும் இந்நிலப்பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். இக்குழந்தைகளுக்குத் தமிழே பள்ளியில் கற்கும் இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. ஒரு குழந்தை கணக்குப் பரீட்சையில் தவறினால், அதற்குக் கணக்குத் தெரியவில்லையா, அல்லது கேள்வியின் மொழி விளங்கவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். பிரித்தறியாத பரீட்சை, கெட்டிக்காரக் குழந்தையையும் மந்தமானது என்று முத்திரை குத்திவிடும்.

படிப்பு முடிந்து இப்பிள்ளைகள் செல்லும் இடங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளில் இரசாயனப் பீப்பாய்களின் மேல் உள்ள எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. வெளிநாடுகளுக்கு அனுப்பும் காலணிகளின் அளவும் விவரமும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்வது கௌரவத்தைப் பற்றியது மட்டுமன்று. கை, கண், உயிர் ஆகியவற்றின் பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும்.

தென்மாநிலங்கள் கூடிச் செய்த பணி

பல மாநிலங்கள் ஒன்று கூடி ஆங்கிலக் கல்வியைச் சீர்செய்ய முற்படுவது நமக்குப் புதிதன்று. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கல்வி நிலையம் நிறுவப்பட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே சென்னை மாநிலத்தில், தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி நடைபெற்றது. சிலருக்கு முதலில் பயிற்சி தந்து, அவர்கள் மேலும் பலருக்குப் பயிற்சி தர, உருளும் பனிக்கட்டி பெருகுவதுபோல் அது பெருகும் என்று திட்டமிட்டனர். 1963-இல் தென்மாநிலங்கள் ஒன்று சேர்ந்து பெங்களூரில் தென்னிந்திய வட்டார ஆங்கிலக் கல்வி நிலையத்தைத் தொடங்கின. அரிசிக்கும் ஆற்று நீருக்கும் வாதாடும் மாநிலங்கள், ஆசிரியர் பயிற்சிக்கு ஒரே கூரையின்கீழ் கூடியது பாராட்டத்தக்கது.

அந்நிலையத்துடன் இணைந்து 1979 முதல் 1984 வரை நடைபெற்ற ஒரு சோதனை நமக்கு மிகவும் பயன்படக் கூடியது. என். எஸ். பிரபு என்னும் கல்வியாளர் அதற்குத் தலைமை தாங்கினார். பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சில வகுப்புகளில், இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிப்பதை விடுத்து, மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் சிறு சிறு வேலைகள் கொடுத்தனர். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறினால் எப்போது ஊர் சேரலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்றவை அவ்வேலைகள். வேலையைச் செய்து முடிக்கும் முயற்சியில் மொழி தானே படியும் என்பது அவருடைய கருத்து.

முடிவில் இவ்வகுப்புகளையும் வழக்கமான முறையில் கற்ற வகுப்புகளையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். அப்போது ஓர் உண்மை வெளியாயிற்று. இலக்கண அமைப்பைக் கேட்கும் பரீட்சையில் வழக்கமான முறையில் கற்றவர் வலுவாக நின்றனர். வேலை கொடுத்துச் சோதித்த பரீட்சையில் புதிய முறையில் கற்றவர் சிறந்து விளங்கினர். இரு முறைகளுக்கும் சாராத பொதுப் பரீட்சைகளில் புதிய முறையினரே பெரும்பாலும் முன்னணியில் இருந்தனர். எந்தப் படியை எடுக்கிறோமோ அதற்கேற்பவே அளவும் தோன்றும் என்பது இதனால் விளங்குகிறது. ஆகவே பரீட்சைத் தாளை வகுக்கும்போதே, பிள்ளை எதைச் செய்யத் தெரிந்தவனாக ஆக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

கடல் கடந்த உதாரணம்

ஆங்கிலமே பெருவழக்காக உள்ள அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கும் வீட்டில் ஸ்பானிஷ், சீனம் முதலிய மொழிகள் பேசும் குழந்தைகள் இலட்சக்கணக்கில் உள்ளனர். 1974-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் படித்த சீனக் குழந்தைகளின் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கிற்று. ஆங்கிலம் அறியாத குழந்தைக்கும் அறிந்த குழந்தைக்கும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்பதே அதன் சாரம்.

அதன் பின்னரும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி அளவையே கையாண்டு வந்தது. ஒரு மாநிலத்தில் தேறியதாகக் கருதப்பட்ட குழந்தை, பெற்றோர் பிழைப்பைத் தேடி அடுத்த மாநிலம் சென்றால் அங்கே தேறாததாகிவிடக் கூடிய நிலை இருந்தது. ஆங்கிலத் திறனை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்த பின், 2003 முதல் 'விடா' என்னும் பெயரில் சில மாநிலங்கள் கூட்டாக ஒரே தர அளவையும் ஒரே பரீட்சையையும் வகுத்தன. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் உள்ளன. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் தனித்தனியே சோதித்து, குழந்தை ஆறு படிகளில் எதில் நிற்கிறது என்று கூறுகின்றனர். கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் ஆகிய பெரிய மாநிலங்கள் தத்தம் பரீட்சையையே வைத்துக்கொண்டுள்ளன. கூட்டில் சேர்வது கட்டாயமன்று. ஆயினும் பெரும்பாலான மாநிலங்கள் அதன் பயனை உணர்ந்துள்ளன.

அங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பரீட்சையில் வெற்றி, தோல்வி என்ற பேச்சுக்கு முதலிடம் இல்லை. குழந்தை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்கு ஏற எவ்வளவு உதவி தேவை என்பதே முக்கியம்.

நம் மாநிலத்தில் நடப்பது

நமது மாநிலத்திலும் பொது அளவை நோக்கிய முயற்சிகள் நடந்துள்ளன. முன்பு மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் எனப் பள்ளிகள் நான்கு வழிகளில் சென்றன. 2010-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் சமச்சீர்க் கல்வி வந்து, பொதுப் பாடத்திட்டமும் பொதுப் பரீட்சையும் ஏற்பட்டன. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புக் குழந்தைகளைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பகுத்து, நிலைக்கேற்பக் கற்பித்து வருகின்றனர். இப்பெயர்களே அழகானவை. அரும்பைப் பார்த்து 'நீ மலரவில்லை' என்று எவரும் கோபிப்பதில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

நாடளாவிய முறையில், 2022 மார்ச்சில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஏறத்தாழ 86,000 பேரை ஒருவர் ஒருவராக எதிரில் அமர்த்திச் சோதித்தனர். 20 மொழிகளில் நடைபெற்ற அச்சோதனையில், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி வாசிப்பு அளவு வகுக்கப்பட்டது. தமிழுக்கும் இந்திக்கும் ஆங்கிலத்திற்கும் எழுத்தமைப்பு வேறு. ஆகவே ஒரு நிமிடத்தில் இத்தனை சொற்கள் என்ற ஒரே எண்ணை எல்லா மொழிகளுக்கும் பொருத்துவது நியாயமாகாது. பொது அளவு என்பது கண்ணை மூடிக்கொண்டு ஒரே எண்ணைத் திணிப்பதன்று என்பதற்கு இது நல்ல சான்று. 2023-இல் தேசிய கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின்கீழ் 'பரக்' என்னும் மதிப்பீட்டு அமைப்பு தோன்றியது. வெவ்வேறு தேர்வு வாரியங்களின் மதிப்பீட்டு முறைகளை ஒத்துப் பார்க்கத்தக்கவையாக ஆக்குவது அதன் பணிகளுள் ஒன்று. 2024 டிசம்பர் 4-இல் அது மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் நாடு தழுவிய ஆய்வை நடத்தியது.

எச்சரிக்கையும் தேவை

எந்த நல்ல கருவியையும் தவறாகக் கையாள முடியும். பொது அளவைக் கொண்டு ஊருக்கு ஊர் பட்டியலிட்டு, கடைசியில் நிற்கும் பள்ளியின் ஆசிரியரைக் குறை கூறத் தொடங்கினால், அவர் அடுத்த ஆண்டு பரீட்சைக்கு மட்டுமே பாடம் நடத்துவார். மீண்டும் மனப்பாடமே மிஞ்சும். தராசைக் கண்டு வியாபாரி அஞ்சலாம், குழந்தை அஞ்சலாகாது. மேலும், தாய்மொழியில் படித்துப் பொருள் கொள்ளத் தெரியாத குழந்தைக்கு ஆங்கிலத்தை மட்டும் புகட்டுவது, நாற்றங்காலைக் கவனிக்காமல் நடவு செய்வதை ஒக்கும்.

நாம் செய்யத்தக்கவை

மாநிலங்களும் வாரியங்களும் கூடித் தீர்மானிக்க வேண்டியவை பல உள. ஆயினும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோரும் இன்றே செய்யக் கூடியவையும் உண்டு.

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊக்கத்துடன் பங்கு கொள்வது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. கூட்டத்தில் கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர் ஆகியவற்றோடு, எந்தக் குழந்தை எந்த நிலையில் உள்ளது, அதற்கு என்ன உதவி தேவை என்றும் ஆசிரியரை அன்போடு கேட்கலாம்.

இரண்டாவது, வீட்டில் எளிய சோதனை. புத்தகத்தில் உள்ள பாடத்தைக் கேளாமல், விதைப் பொட்டலம், மருந்துச் சீட்டு, ரயில் அட்டவணை ஆகியவற்றில் ஒரு வரியைக் காட்டி, 'இது என்ன சொல்கிறது?' என்று பிள்ளையைத் தாய்மொழியில் விளக்கச் சொல்லலாம். தெரியாவிடில் வையாமல், அடுத்த நாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் செய்யலாம்.

மூன்றாவது, தெலுங்கும் உருதும் பேசும் குழந்தைகளுக்குத் துணை நிற்றல். அம்மொழி அறிந்த படித்த இளைஞர் ஊரில் இருந்தால், பள்ளியின் ஒப்புதலோடு மாலையில் ஒரு மணி நேரம் அக்குழந்தைகளுக்கு உதவச் சொல்லலாம். பஞ்சாயத்து நூலகத்தில் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களையும் வாங்கி வைக்கலாம்.

மருந்துப் புட்டியோடு வந்த அந்தச் சிறுமியின் ஆசிரியையிடம் நாம் இதைப் பற்றிப் பேசினோம். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் கிடைக்கும் அச்சுக் காகிதங்களைக் கொண்டே அவர் ஆங்கில வகுப்பை நடத்தத் தொடங்கியுள்ளார். சில வாரங்களுக்குப் பின் அவ்வூருக்குச் சென்றபோது, அச்சிறுமி புட்டியின் மேல் உள்ள அளவைப் படித்து, அதைத் தன் தந்தைக்குத் தெலுங்கில் விளக்கிக் கூறினாள். அவர் மார்க்கைப் பற்றி அன்று ஒன்றும் கேட்கவில்லை. அளவுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டார். அவர் கேட்ட கேள்விக்கு அதுவே நல்ல விடை என்று நாம் கருதுகிறோம்.