அறிவுக்கு ஒரு பொதுக் களஞ்சியம்

விஞ்ஞானி ஒருவர் எழுதும் கட்டுரை சஞ்சிகையில் அச்சேறப் பல மாதங்கள் செல்வதுண்டு. முற்காலத்தில், அதற்கு முன்னரே அதன் பிரதியைத் தபாலிற் பெற்றுப் படித்தவர்கள் பெரும்பாலும் பெயர்பெற்ற சர்வகலாசாலைகளில் இருந்தோரே. ஏனையோர் காத்திருந்தனர். இக்குறையைப் போக்க முனைந்த பௌதிக அறிஞர் போல் கின்ஸ்பார்க், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திலே கணனிவழிக் களஞ்சியமொன்றை அமைத்தார். 'ஆர்க்கைவ்' என வழங்கும் அது 2001இல் கோர்னெல் சர்வகலாசாலைக்கு மாறியது. இன்று அங்கே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

அறிஞர் குழு பரிசோதியாத கட்டுரையை நம்பலாமா என நேயர்கள் ஐயுறலாம். நியாயமான ஐயமே. பொருத்தமற்றவை அங்கே விலக்கப்படுமேயன்றி, முடிபுகள் சரியா பிழையா எனத் தீர்ப்பளிக்கப்படுவதில்லை. அப்பொறுப்பு படிப்பவரைச் சார்ந்தது. புவங்காரே 1904இல் எழுப்பிய கணித வினாவுக்கு ருஷிய மேதை பெரல்மன் கண்ட விடை, 2002, 2003ஆம் ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாக இக்களஞ்சியத்திலேயே வெளியாயிற்று. சஞ்சிகை எதற்கும் அவர் அதை அனுப்பினாரல்லர். பின்னர் வந்த பதக்கத்தையும் பரிசையும் ஏற்றாருமல்லர், அது வேறு கதை. பல நாட்டுக் கணித அறிஞர்கள் அந்நிறுவலை வரிவரியாக ஆராய்ந்து சரியெனக் கண்டனர். அதற்குச் சில ஆண்டுகள் சென்றன.